வெள்ளியங்கிரி இரவு ஏற்றம்: எந்த டி-ஷர்ட், எத்தனை அடுக்கு?

உறையூரான்

மார்ச்சில் நண்பர்களோடு கோவைப் பக்கம் வெள்ளியங்கிரி மலைக்குப் போகிறேன். இரவு பத்து மணி வாக்கில் அடிவாரமான பூண்டியில் ஏற ஆரம்பித்து, விடியும்போது உச்சியான ஏழாவது மலையில் இருக்க வேண்டும் என்பது திட்டம். எனக்கு வியர்வை ரொம்ப அதிகம், மாடிப்படி ஏறினாலே முதுகு நனைந்துவிடும். போன வருடம் போய்வந்த நண்பன் முதல் மலை முடிவதற்குள் காட்டன் டி-ஷர்ட்டைப் பிழியும்படி ஆகிவிட்டது என்கிறான். மேலே போய் உட்கார்ந்ததும் பல் தந்தியடித்ததாம்.

கடையில் "டிரை ஃபிட்" என்று முந்நூறு ரூபாய்க்கும் இருக்கிறது, மூவாயிரத்துக்கும் இருக்கிறது. தொட்டுப் பார்த்தால் இரண்டும் ஒரே வழுவழுப்பு. என்ன வித்தியாசம்? உள்ளே தெர்மல் (குளிருக்கான உள்ளாடை) போட வேண்டுமா? ஜாக்கெட் வேறு வாங்க வேண்டுமா? ஒரே ஒரு ஏற்றத்துக்காக நிறைய செலவு செய்ய மனசில்லை.

சாமிமுடி

தம்பி, வருஷா வருஷம் ஏறுகிறவன் சொல்கிறேன். வேட்டியை மடித்துக் கட்டுங்கள், தோளில் ஒரு துண்டு, கையில் மூங்கில் தடி. இது போதும். எங்கள் அப்பா காலத்தில் டிரை ஃபிட் எங்கே இருந்தது? ஆறாவது மலையில் ஆண்டி சுனையில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடேயே மேலே போனவர்கள் அவர்கள். குளிர் இருக்கிறது என்பது உண்மைதான், அதற்கு ஒரு கம்பளி கொண்டு போங்கள். மற்றதை அவன் பார்த்துக்கொள்வான்.

காதர்பேட்டை

ஐயா சொல்வதில் ஒரு விஷயம் இருக்கிறது, அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் துணிக் கணக்கு. திருப்பூரில் நிட்டிங் தொழிலில் இருக்கிறேன் என்பதால் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பருத்தி இழை தண்ணீரைத் தனக்குள்ளேயே இழுத்து வைத்துக்கொள்ளும். சாதாரண அறைக் காற்றில் வைத்தாலே 100 கிராம் உலர்ந்த பருத்தி 8 கிராமுக்கு மேல் ஈரத்தைப் பிடித்திருக்கும். பாலியெஸ்டர் 0.4 கிராம்தான் பிடிக்கும். நைலான் 4 கிராம் வாக்கில். ஆக, பாலியெஸ்டர் இழைக்குள் தண்ணீர் போகாது, இழைகளுக்கு நடுவில் இருக்கும் சந்தில்தான் ஓடும். அந்தச் சந்து எவ்வளவு நுண்ணியதோ, அந்த அளவுக்கு வியர்வையைத் தோலிலிருந்து இழுத்து வெளிப்பக்கம் பரப்பும். பரந்தால் சீக்கிரம் காயும். வித்தை அவ்வளவுதான்.

ஆனால் வெறும் பாலியெஸ்டர் என்றாலே உறிஞ்சும் என்று நினைக்காதீர்கள். பழைய காலத்து பாலியெஸ்டர் சட்டை போட்டவர்களைக் கேளுங்கள், வியர்வை உள்ளேயே வழிந்து இடுப்பில் சேரும். மெல்லிய பிலமென்ட் (அறுபடாத நீள இழை) நூலாக இருக்க வேண்டும், அல்லது இழையின் ஓரத்திலேயே வாய்க்கால் மாதிரி பள்ளம் விட்டு இழுத்திருக்க வேண்டும். டூபான்ட் கம்பெனி 1986இல் கொண்டுவந்த கூல்மாக்ஸ் இழை அந்த ரகம். இரண்டும் இல்லாவிட்டால் ஃபினிஷிங்கில் ஒரு ரசாயனம் ஏற்றி "விக்கிங்" (வியர்வையை இழுத்துப் பரப்புவது) என்பார்கள். அது சலவைக்குச் சலவை போய்க்கொண்டே இருக்கும். முந்நூறு ரூபாய்ச் சரக்கில் பெரும்பாலும் இந்தக் கடைசி வகைதான். மூவாயிரத்தில் பாதி, பிராண்டு பெயருக்குக் கொடுக்கிற காசு.

கடையில் செய்ய வேண்டிய சோதனை: சட்டையைத் திருப்பி, உள்பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். இரண்டு மூன்று நொடியில் காசு அளவுக்கு மேல் பரந்தால் நல்லது. முத்தாக நின்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். கடைக்காரர் முறைத்தால் பரவாயில்லை.

இன்னும் இரண்டு: 120 முதல் 150 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) வரை பாருங்கள், டாட் நிட் மாதிரி சின்னச் சின்னக் கண் உள்ள துணியாக இருந்தால் நல்லது. நெஞ்சில் பெரிய ரப்பர் பிரின்ட் இருப்பதை எடுக்காதீர்கள். அந்த இடத்தில் காற்றும் போகாது, வியர்வையும் போகாது.

உறையூரான்

> அந்தச் சந்து எவ்வளவு நுண்ணியதோ

அருமை அண்ணா. அப்படியானால் இதைப் போட்டால் நனையவே மாட்டேனா?

வெப்பக்கணக்கு

நனைவீர்கள். இதைத்தான் விளம்பரங்கள் சொல்வதில்லை. செங்குத்தான படியில் ஏறும்போது உடம்பு விடுகிற வியர்வையை எந்தத் துணியாலும் அந்த வேகத்தில் ஆவியாக்க முடியாது, அதுவும் காற்றில்லாத காட்டுக்குள். ஏறும்போது காட்டனும் நனையும், பாலியெஸ்டரும் நனையும். நின்ற பிறகுதான் வித்தியாசம் தெரியும்.

நான் இயற்பியல் வாத்தியார், அதனால் ஒரு கணக்கு. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். நீங்கள் ஏழாவது மலையில் போய் உட்காரும்போது சட்டையில் 100 மில்லி ஈரம் மிச்சம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது காய 240 கிலோஜூல். சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு முக்கால் மணி நேரத்தில் உண்டாக்குகிற மொத்தச் சூடு கிட்டத்தட்ட அவ்வளவுதான். கொஞ்சம் காற்றிலிருந்தும் வரும் என்றாலும், வெயில் இல்லாத நேரத்தில் பெரும்பங்கை உங்கள் தோல்தான் கொடுக்க வேண்டும். நண்பருக்குப் பல் தந்தியடித்ததற்குக் காரணம் இதுதான். ஊர்க்குளிர் பாதி, சட்டைக்குளிர் பாதி.

ஊர்க்குளிர் எவ்வளவு என்றும் பார்த்துவிடலாம். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி இறங்கும். பூண்டியிலிருந்து உச்சி வரை அதற்கு மேலேயே ஏறுகிறோம். அதன் மேல் காற்று. கீழே விசிறிக்கொண்டு கிளம்புகிற உடம்புக்கு மேலே அது வேறு ஊர்.

ஆகவே எந்தச் சட்டையோடு ஏறுகிறோம் என்பதைவிட, எந்தச் சட்டையோடு உட்காருகிறோம் என்பதுதான் முக்கியம். மாற்றுச் சட்டை ஒன்று காய்ந்ததாகப் பையில் இருந்தால், ஏறும்போது போட்டது முந்நூறு ரூபாயா மூவாயிரமா என்பது பெரிய விஷயமே இல்லை.

சாமிமுடி

வாத்தியாரே, அப்போது சட்டையே போடாமல் ஏறினால்?

வெப்பக்கணக்கு

ஐயா, கணக்குப்படி அதுதான் முதல் பரிசு. வியர்வை தோலிலேயே ஆவியானால் குளிர்ச்சி முழுதும் உடம்புக்கே கிடைக்கும். துணியின் வெளிப்பக்கத்தில் ஆவியானால் கொஞ்சம் வீணாகும். இரவு ஏற்றம் என்பதால் வெயிலும் இல்லை. கம்பளி காய்ந்தே மேலே வரும், உட்கார்ந்ததும் போர்த்திக்கொள்ளலாம். உங்கள் அப்பா கட்டிய அடுக்கு சரியான அடுக்குதான். ஆண்டி சுனைக் குளியலை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

காதர்பேட்டை

இதைத்தான் அப்புறம் வருகிறேன் என்றேன். தோளில் பை மாட்டுகிறவர்களுக்கு வெற்றுடம்பு ஒத்துவராது, பட்டை உராய்ந்து தோல் உரியும். பை இல்லாத ஐயாவுக்குச் சரி.

வடபழனி ஓட்டம்

மாரத்தான் ஓடுகிற நண்பர்கள் யாராவது இருக்கிறார்களா என்று பாருங்கள். ஒவ்வொருவர் அலமாரியிலும் போடாத பந்தய டி-ஷர்ட் அடுக்கடுக்காகக் கிடக்கும், பதிவுக் கட்டணத்தோடு வந்தவை. காசே வேண்டாம். அண்ணா சொன்ன சொட்டுச் சோதனையை மட்டும் செய்துவிடுங்கள், ஏனென்றால் அவற்றில் பாதி தேறாது. முதுகு முழுக்க விளம்பரம் அச்சடித்ததையும் கழித்துவிடுங்கள்.

துவைப்பது பற்றி யாரும் சொல்லவில்லை. துணி மென்மையாக்கும் திரவத்தைக் கடைசி அலசலில் ஊற்றுகிற பழக்கம் வீட்டில் இருந்தால், இந்தச் சட்டைகளுக்கு மட்டும் வேண்டாம். இழையின் மேல் ஒரு படலம் படிந்து, அந்தச் சந்துகளை அடைத்துவிடும். புதுச் சட்டை ஒன்றிரண்டு மாதத்தில் உறிஞ்சுவதை நிறுத்திவிட்டதாகப் புலம்புகிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் இதுதான் நடந்திருக்கும். வெந்நீரும் இஸ்திரியும் வேண்டாம். உள்பக்கத்தை வெளியே திருப்பித் துவைத்தால் போதும்.

நாற்றம் ஒரு தனிக் கதை. பாலியெஸ்டர் காட்டனைவிடச் சீக்கிரம் நாறும், அது கற்பனை இல்லை. 2014இல் பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகத்தினர் உடற்பயிற்சி செய்தவர்களின் சட்டைகளை எடுத்துச் சோதித்தார்கள். மைக்ரோகாக்கஸ் என்ற நுண்ணுயிர் பாலியெஸ்டரில் நன்றாக வளர்ந்தது, காட்டனில் அப்படி வளரவில்லை. இறங்கி வந்து பேருந்தில் ஏறும்போது பக்கத்து இருக்கைக்காரரை நினைத்தாவது சட்டையை மாற்றுங்கள்.

மழைக்கொக்கு

ஆண்கள் மட்டும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள், அதனால் ஒன்று விடுபட்டுவிட்டது. உள்ளாடை! ஆயிரக்கணக்கில் கொடுத்து நல்ல சட்டை வாங்கி, உள்ளே காட்டன் பிராவோ காட்டன் பனியனோ போட்டால் காசு தண்டம். வியர்வை முதலில் படுவது அதில்தான், அது உறிஞ்சி வைத்துக்கொண்டால் மேலே இருக்கும் சட்டைக்கு வேலையே இல்லை. நான் அகத்தியர்கூடம் மலைக்குப் போனபோது எங்கள் குழுவில் இருந்த பெண்கள் பாதிப் பேருக்குச் சட்டை காய்ந்திருந்தது, உள்ளே குளிர்ந்துகொண்டே இருந்தது. பாலியெஸ்டர் அல்லது நைலான் ஸ்போர்ட்ஸ் பிரா, பஞ்சு வைக்காதது. பஞ்சு வைத்தது ஒரு நாள் முழுக்கக் காயாது. முன்பக்கம் கொக்கியோ ஜிப்போ இருந்தால் குளிரில் மாற்றுவதற்கு வசதி, ஈரமான இறுக்கமான துணியைத் தலை வழியாகக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

ஆண்களுக்கும் இதே சட்டம்தான். டிரை ஃபிட்டுக்கு உள்ளே பனியன் போட்டுக்கொண்டு ஏறுகிற மாமாக்களை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்!

அப்புறம், கழுத்தில் அரை ஜிப் இருக்கிற முழுக்கைச் சட்டை என் தேர்வு. ஏறும்போது ஜிப்பை இறக்கி, கையைச் சுருட்டிக்கொள்ளலாம். நின்றால் ஏற்றிக்கொள்ளலாம். ஒரே சட்டை இரண்டு சட்டை வேலை செய்யும். இறங்கும்போது வெயிலுக்கும் முழுக்கை நல்லது. பை பட்டை படும் தோள்பட்டையில் தடித்த தையல் இல்லாமல் பார்த்து வாங்குங்கள்.

உறையூரான்

அக்கா, பனியன் விஷயம் எனக்கே சொன்ன மாதிரி இருக்கிறது. சட்டை உடம்போடு ஒட்டி இருக்க வேண்டுமா, தொளதொளவென்றா? இன்னொன்று, மெரினோ கம்பளி என்று எல்லா வெளிநாட்டு வீடியோவிலும் கொண்டாடுகிறார்களே?

மழைக்கொக்கு

நம் ஊர்க் காட்டுக்குத் தொளதொளவென்றுதான். நடக்கும்போது உள்ளே காற்று அடித்துக்கொண்டு போக வேண்டும். ஒட்டிய சட்டை, அதன் மேல் வேறு அடுக்கு வரும் குளிர்நாட்டுக்கு. அங்கே ஈரத்தை அடுத்த துணிக்குக் கைமாற்ற ஒட்டி இருப்பது அவசியம், இங்கே பாதி நேரம் அடுத்த துணியே கிடையாது.

காதர்பேட்டை

மெரினோ பற்றி நான். மோசமான துணி இல்லை, நல்ல துணி. இழை 17 முதல் 19 மைக்ரான் வரை இருப்பதால் குத்தாது. 100 கிராமுக்கு 16 கிராம் வாக்கில் ஈரத்தை உள்ளே இழுத்துக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. பல நாள் போட்டாலும் நாறாது. இமயமலையில் ஒரு வாரம் குளிக்காமல் நடக்கிறவர்களுக்கு அருமையானது. ஆனால் பாலியெஸ்டரைவிட மெதுவாகக் காயும், மெல்லிய ரகத்தில் பை உராய்கிற இடத்தில் ஓட்டை விழும், விலையும் அதிகம். ஒரு ராத்திரி ஏறி மறுநாள் இறங்குகிற மலைக்கு எதற்கு? வாங்கத்தான் வேண்டும் என்றால் மேலே போய் மாற்றிக்கொள்கிற இரண்டாவது சட்டையாக வைத்துக்கொள்ளுங்கள், அங்கே அதற்கு மரியாதை உண்டு.

தெர்மல் வேண்டவே வேண்டாம். நம் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் தடித்த காட்டன் கலப்பு. அதைப் போட்டுக்கொண்டு முதல் மலை ஏறினால் சட்டியில் வேகிற மாதிரிதான்.

போகிற போக்கில் ஒரு சங்கதி. நார்வேக்காரர் ஹென்ரிக் புருன் 1933இல் மீன்வலையை வெட்டித் தைத்து உள்சட்டை செய்தார். பெரிய பெரிய கண்ணாக இருப்பதால் மேல்சட்டை தோலில் ஒட்டாது, நடுவில் காற்று நிற்கும். அந்த வலைச் சட்டை இன்றும் மலையேறிகளிடம் இருக்கிறது, பாலிப்ரொப்பிலீன் என்ற செயற்கை இழையில் வருகிறது. நம் தாத்தாக்கள் போட்ட வலை பனியனும் அதே யோசனைதான். அது காட்டன் என்பதால் மலைக்கு வேண்டாம், வீட்டுத் திண்ணைக்குச் சரி.

ஹட்டன்வாசி

வணக்கம், நான் இலங்கை மலையகம். எங்கட பக்கம் சிவனொளிபாதமலையும் இரவில் ஏறுகிற மலைதான், 2,243 மீட்டர். டிசம்பர் போயாவிலிருந்து (பௌர்ணமி) மே வெசாக் பௌர்ணமி வரை சீசன். நல்லதண்ணியில் இருந்து ஆயிரக்கணக்கான படிகள்.

அங்கே வருசா வருசம் பார்க்கிற காட்சி: கொழும்பிலிருந்து வருகிறவர்கள் அடிவாரத்திலேயே குளிருது என்று ஸ்வெட்டரும் ஜாக்கெட்டும் போட்டுக்கொண்டு படியேறத் தொடங்குவார்கள். பாதி வழியில் ஸ்வெட்டர் உள்ளே தெப்பம். கழற்றினால் குளிர், கழற்றாவிட்டால் புழுக்கம். மேலே போய்ச் சூரியன் வரும் வரை அதே ஈர ஸ்வெட்டரோடு நடுங்குவார்கள். கிளம்பும்போது கொஞ்சம் குளிரத்தான் வேண்டும். பத்து நிமிசம் நடந்தால் சரியாகிவிடும்.

சட்டையை உச்சியில் மாற்றாதீர்கள். அங்கே சனமும் காற்றும், நிற்க இடமிருக்காது. எங்களுக்குக் கடைசித் தேத்தண்ணிக் கடைதான் உடை மாற்றும் அறை. காற்று மறைவாக இருக்கிற கடைசி இடத்தில் ஈரத்தைக் கழற்றி, துண்டால் முதுகைத் துடைத்து, காய்ந்ததைப் போட்டு, அதற்கு மேலே ஜாக்கெட். பிறகு மிச்சத் தூரத்தை மெதுவாக ஏறினால் மறுபடி வியர்க்காது.

சாமிமுடி

தம்பி சொல்வது இங்கேயும் பொருந்தும். ஏழாவது மலை ஏறுவதற்கு முன்னால் பாறை மறைவு கிடைக்கும், அங்கே மாற்றிக்கொள்ளலாம்.

இன்னொன்று. மேலே எல்லோரும் கற்பூரம் ஏற்றுவார்கள், காற்றில் சுடர் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாது. காட்டன் கருகும், இந்த வழுவழுப்புத் துணி உருகித் தோலில் ஒட்டும். ஒரு பையனின் ஜாக்கெட் கை அப்படி ஆனதைக் கண்ணால் பார்த்தேன். நல்லவேளையாகத் தோல் தப்பியது.

வெப்பக்கணக்கு

முக்கியமான எச்சரிக்கை. பாலியெஸ்டர் 250 டிகிரிக்குச் சற்று மேலே உருகும், நைலானில் சில ரகம் அதற்கும் முன்பே. சுடர் பட்டால் ஒரு கணம் போதும்.

உறையூரான்

ஜாக்கெட் கேள்விக்கு இன்னும் நேரான பதில் வரவில்லையே. மழைக்கோட்டு ஒன்று வீட்டில் இருக்கிறது, பைக்கில் போட்டுக்கொள்வது. அது போதுமா? மாற்றுச் சட்டையை பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்துக்கொள்ளலாம் இல்லையா?

மழைக்கொக்கு

பைக் மழைக்கோட்டு உட்காரும்போது காற்றைத் தடுக்கும், அவ்வளவுக்கு அது போதும். அதைப் போட்டுக்கொண்டு ஏறாதீர்கள், வியர்வை வெளியே போக வழியே இல்லாமல் உள்ளுக்குள் மழை பெய்யும். செலவு செய்யத் தயார் என்றால் மெல்லிய விண்ட்சீட்டர் (காற்றைத் தடுக்கிற மேல்சட்டை) ஒன்று, உள்ளங்கைக்குள் மடித்து அடங்குகிற ரகம். காய்ந்த சட்டை, அதன் மேல் மெல்லிய ஃப்ளீஸ் (கம்பளி மாதிரியான செயற்கைத் துணி), அதன் மேல் விண்ட்சீட்டர். மார்ச் மாதத்துக்கு அதற்கு மேல் எதுவும் தேவையில்லை. ஃப்ளீஸ் தனியாகப் போட்டால் காற்று ஊடுருவிப் போகும், விண்ட்சீட்டர் தனியாகப் போட்டால் சூடு நிற்காது. இரண்டும் சேர்ந்தால்தான் பலன். ஃப்ளீஸுக்குப் பதில் வீட்டு ஸ்வெட்டர் இருந்தாலும் சரி.

சாமிமுடி

பிளாஸ்டிக் கவர் கூடாது. அடிவாரத்தில் வனத்துறையினர் பையைத் திறந்து பார்த்து எடுத்துவிடுவார்கள். எடுக்கட்டும், மலையில் கிடக்கிற குப்பையைப் பார்த்தால் வயிறு எரிகிறது. மூடி இறுக்கமான டிபன் டப்பாவில் சட்டையைச் சுருட்டி வையுங்கள்.

வடபழனி ஓட்டம்

டிபன் டப்பா யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. வாயைச் சுருட்டி மூடுகிற நைலான் பையும் கிடைக்கும். எதுவானாலும் தண்ணீர் பாட்டில் இருக்கும் அறையில் வைக்காதீர்கள்.

உறையூரான்

காதர்பேட்டை அண்ணா, லைக்ரா கலந்தது எடுக்கலாமா? கடைசியாக ஒன்று: கழற்றின ஈரச் சட்டையை என்ன செய்வது? இறங்கும்போது வெயில் ஏறிவிடுமே, அப்போது எதைப் போடுவது?

காதர்பேட்டை

லைக்ரா ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் பாதகமில்லை. பத்துக்கு மேல் போனால் துணி கனக்கும், காய நேரமாகும், உடம்போடு ஒட்டும். தொளதொளவென்று போடப்போகிற சட்டைக்கு இழுவை எதற்கு? டாட் நிட் போதும்.

வெப்பக்கணக்கு

ஈரச் சட்டையைப் பையின் வெளிப்பக்கம் கட்டித் தொங்கவிடுங்கள். மேலே அடிக்கிற காற்றில், நீங்கள் தரிசனம் முடிப்பதற்குள் பாலியெஸ்டர் பெரும்பாலும் காய்ந்துவிடும். அதையே போட்டுக்கொண்டு இறங்கலாம். முழுதும் காயாவிட்டாலும் கவலையில்லை, மார்ச் காலை வெயிலில் அந்த ஈரம் உங்களுக்குச் சாதகம்தான்.

இந்த இடத்தில் காட்டனுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். வெளிநாட்டுத் தளங்களில் பருத்தியை எமனாகவே ஆக்கிவிட்டார்கள். அது குளிரும் மழையும் உள்ள மலைக்கு. வறண்ட வெயிலில் கதை வேறு. அமெரிக்காவில் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் கோடையில் நடக்கிறவர்கள் காட்டன் சட்டையை வேண்டுமென்றே நனைத்துப் போட்டுக்கொள்வார்கள், மெதுவாகக் காய்ந்து நெடுநேரம் குளிர்ச்சி தரும் என்பதற்காக. ஆகவே உங்கள் நண்பர்களில் யாராவது இறங்கும்போது பழைய காட்டன் சட்டை போட்டால் கேலி செய்யாதீர்கள். காலை எட்டு மணிக்கு மேல் அது சரியான சட்டைதான்.

சாமிமுடி

ஈர வேட்டியும்.